அய்யாதுரை சொன்ன மிச்சம்

அத்தியாயம் பதினொன்று

பாக்கியவதியைப் போன வாரம் எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோமோ, அதே இடத்தில்தான் அவள் இன்னும் நிற்கிறாள். வார்டுக் கதவின் உள்பக்கம், தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வெளியே அவளுடைய புருஷனை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசிக்குக் கிழக்கே, சாத்தூர் போகிற ரோட்டில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. பாக்கியவதி அங்கே நர்ஸ். புருஷன் மாணிக்கராஜ் அங்கேயே கம்பவுண்டர். தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது, பக்கத்து ஓடைக்கரைப் பட்டாசுக் கம்பெனியில் கலவை ரூம் வெடித்தது. நாலு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். ஐந்தாவது ஆளான அய்யாதுரையை வாழையிலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டு, இன்று விடிந்ததும் அவர் கண்ணை மூடினார்.

மூடுவதற்கு முன்னால் பேசினார். கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவருடைய தம்பி பெத்தணன், விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மற்றவள் கட்டு மாற்றிக்கொண்டிருந்த பாக்கியவதி.

"மருந்தை மாத்திட்டாக" என்றார் அய்யாதுரை.

பெத்தணன் மேற்கொண்டு யோசிக்கவில்லை. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவன் மருந்து என்றால் வேறு எதைச் சொல்லப்போகிறான்? மருந்தை மாற்றிக் கொடுத்து அண்ணனைக் கொன்றுவிட்டார்கள் என்று வாசலில் நின்ற சனத்திடம் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதான். கம்பெனிப் போர்மேன் ரத்தினசாமியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். "அப்ப மருந்து கலக்கினவனைக் கேளுங்கப்பா" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வேப்பமரத்து நிழலில் போய் ஒதுங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர் கம்பவுண்டர்.

ஆனால் அய்யாதுரை சொன்னது அந்த ஒரு வார்த்தையோடு முடியவில்லை. மிச்சம் இருந்தது. அது பாக்கியவதிக்குத் தெரியும். காலையில் கூட்டம் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டபோது அவள் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் விழித்த விழியைப் பார்த்து, குற்றமுள்ள நெஞ்சு என்று சனம் தீர்மானித்துவிட்டது.

நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து முகத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு எழும்பாது. சின்னப் பிள்ளையில் வந்த வினை அது. கோயிலில் பண்டிகையன்று பைபிள் வசனம் ஒப்பிக்க ஏற்றி நிறுத்தினார்கள். பாதியில் மறந்துபோனது. பாவாடை நனைந்தது. அவளுடைய அப்பா ராஜசிங் அந்தச் சபைக்கே ஜெபம் நடத்துகிற உபதேசியார். எல்லார் முன்னாலும் எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். அன்றைக்கு அடைத்த தொண்டை, கூட்டத்தைக் கண்டால் இன்றைக்கும் பஞ்சு திணித்த மாதிரி அடைத்துக்கொள்ளும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மாணிக்கராஜை வராந்தாத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கயிறு கிடைக்கவில்லை போலிருக்கிறது, கட்டுத் துணிச் சுருள்களை எடுத்துச் சுற்றியிருந்தார்கள். நேற்று அவளும் அவரும் உட்கார்ந்து கிழித்துச் சுருட்டிய துணி. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. சட்டை கிழிந்து தொங்கியது. ஒருத்தன் அடித்துக் களைத்ததும் அடுத்தவன் வந்தான். பெண்களும் அடித்தார்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி மண்ணை அள்ளி அவர் வாயில் அப்பினாள்.

டாக்டரம்மா வேனில் நோய் முற்றிய இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தார்கள். போலீஸ்காரர்கள் அந்த நாலு பிணங்களோடு சாத்தூர் போயிருந்தார்கள். கேட்பதற்கு நாதி இல்லை.

பெத்தணன் மருந்து அறை ஜன்னலை வெறுங்கையால் குத்தி உடைத்தான். கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. உள்ளே கையை விட்டு அகப்பட்டதை எடுத்தான். சிவப்புச் சீட்டு ஒட்டிய பெரிய பாட்டில்.

பாக்கியவதிக்கு அது என்னவென்று தெரியும். தரை கழுவ வாங்கி வைத்திருந்த கார்பாலிக் ஆசிட், குடித்தால் குடல் வெந்துவிடும். பெத்தணனுக்கு எழுத்துத் தெரியாது.

"என் அண்ணனுக்கு நீ கலக்கிக் குடுத்ததை நீயே குடிலே" என்றான் பெத்தணன்.

மாணிக்கராஜ் என்னவோ சொன்னார். உதடு கிழிந்திருந்ததால் சொல் உருப்படியாக வரவில்லை. யாரோ முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்தார்கள்.

அந்த நேரத்தில் வார்டின் பின்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏளா பாக்கியம், கதவைத் திற. அப்பா வந்திருக்கேன்."

உபதேசியார் ராஜசிங் குடையும் கையுமாக உள்ளே வந்தார். அறுபது வயதிலும் குரல் வெண்கலம். மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டதும் மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா, அவரைக் கொன்னுருவாக. கார்பாலிக்கைக் குடிக்கச் சொல்றாக."

"அழாத. அந்தச் செத்துப்போன ஆளு என்ன சொன்னாரு? எங்கிட்டச் சொல்லு, நான் போயிப் பேசுறேன். உனக்குத்தான் வராதே."

உனக்குத்தான் வராதே என்பதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் பெய்யாது என்பதைப் போலச் சொன்னார். அவள் காதோடு சொன்னாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் அப்பா. சீக்கிரம் போங்க."

ராஜசிங் குடையை மூலையில் சாத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து படியில் போய் நின்றார். கையை உயர்த்தினார். அந்தக் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. பெத்தணன்கூடப் பாட்டிலைப் பாதியில் நிறுத்தினான்.

உபதேசியாரிடம் ஒரு குறை உண்டு. விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வருவார்.

"அன்பான சகோதரரே, சகோதரிகளே. இந்தத் துக்கமான வேளையிலே உங்க ஒவ்வொருத்தர் மனசும் எம்புட்டு வேதனைப்படும்னு நான் அறிவேன். நானும் ஒரு தகப்பன். நம்ம கரிசக்காட்டு வாழ்க்கையிலே..."

"பெருசு பிரசங்கம் வைக்குதுலே" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்.

"கொஞ்சம் பொறுங்க, சொல்லுதேன். ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு..."

கல் வந்தது. யார் விட்டதென்று தெரியவில்லை. உள்ளங்கை அளவு ஓடைக்கல், நேராக வாயில் விழுந்தது. ராஜசிங் படியிலேயே மடங்கி உட்கார்ந்தார். வாயைப் பொத்திய விரல்களுக்கு இடையில் ரத்தமும் இரண்டு பல்லும் வெளியே வந்தன.

கூட்டம் ஓவென்று இரைந்தது. ஒரு கல் விழுந்த பிறகு அடுத்த கல்லுக்குக் கூச்சமில்லை. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. வார்டுக்குள் கிடந்தவர்கள் அலறினார்கள்.

பாக்கியவதி எப்படி வெளியே வந்தாள் என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை. ரத்தத்தைக் கண்டதும் கால் தானாக ஓடியது. படியில் மண்டியிட்டு அப்பாவின் தலையை மடியில் சாய்த்து, துண்டை நாலாக மடித்து வாய்க்குள் வைத்து அழுத்தினாள். கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ரத்தம் தொண்டைக்குள் போகாமல் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் முகங்கள் இருந்தன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைக்கு வேலை இருந்தது.

கைக்கு வேலை இருக்கும்போது அவளுக்குப் பேச்சு வரும். வார்டின் இந்தக் கோடியில் ஊசி போட்டுக்கொண்டே அந்தக் கோடிக்கு வெந்நீர் கேட்கிறவள்தானே. அதையெல்லாம் பேச்சு என்று அவள் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

"ஏப்பா பெத்தணா" என்றாள், தலை குனிந்தபடியே. "அந்தப் பாட்டிலைக் கீழ வையி. அது தரை களுவுறது. உங்க அண்ணனுக்குக் குடுத்தது அது இல்ல."

"நீ பேசாத."

"பேசல. கேக்கத்தான் செய்யுறேன். உங்க அண்ணன் சொன்னப்ப நீயும் நானும்தான பக்கத்துல இருந்தோம். என்ன சொன்னாரு?"

"மருந்தை மாத்திட்டாகன்னு சொன்னான். உனக்குக் காது கேக்கலையோ?"

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன. உசுரே சலிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டுச் செத்தான். பாவிகளா."

அவள் துண்டைத் திருப்பி மடித்து மறுபடி அழுத்தினாள்.

"சலிச்சுப் போச்சுன்னா சொன்னாரு? நல்லா நெனச்சுப் பாரு."

பெத்தணன் யோசித்தான். கோபத்தில் இருந்தாலும் அவன் பொய்க்காரன் இல்லை.

"சலிச்சேன்னு சொன்னான். எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லப்பா."

அவள் குரல் தணிந்து இருந்ததால் முன்வரிசை குனிந்து கேட்டது. முன்வரிசை அமைதியானதால் நடுவில் நின்றவர்களும் அடங்கினார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்த முனங்குதா? சத்தமாச் சொல்லச் சொல்லுங்கலே" என்று ஒரு குரல் வந்தது.

பாக்கியவதி தலையைத் தூக்கினாள்.

தூக்கியிருக்கக் கூடாது. அத்தனை கண்ணும் அவள் மேல் இருந்தது. தொண்டைக்குள் பழைய பஞ்சு ஏறி உட்கார்ந்தது. அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் நனைந்துவிடுமோ என்று பயம் வந்தது. அன்று அறைந்த அப்பாவின் கை அவள் மடியில்தான் கிடந்தது. இப்போது அது அவள் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

தூணடியில் மாணிக்கராஜின் தலையை மறுபடி இழுத்தார்கள். பாட்டிலின் மூடி கீழே விழுந்து உருண்டது.

கூட்டத்தின் ஓரத்தில், அவிழ்ந்த தலையோடு மாரித்தாய் உட்கார்ந்திருந்தாள். அய்யாதுரையின் மனைவி. அதே கம்பெனியில் திரி வைக்கிறவள். பாக்கியவதி அத்தனை முகத்தையும் விட்டுவிட்டு அந்த ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கடைசிக் கட்டிலுக்குக் கூப்பிடுகிற அந்தக் குரலை எடுத்தாள்.

"மாரித்தாய், உன் வீட்டுக்காரரு கடைசியாச் சொன்னதை அப்படியே சொல்றேன். கேட்டுக்க. 'மருந்தை மாத்திட்டாக. சலிச்சேன். சலிச்சுக்கிட்டு இருக்கையிலயே...' அம்புட்டுத்தான். அதோட போயிட்டாரு. எங்க ஆஸ்பத்திரியில மருந்தைக் கலக்குவாக, குடுப்பாக. சல்லடை போட்டு யாரும் சலிக்க மாட்டாக."

பாட்டில் வைத்திருந்த கை நின்றது.

சிவகாசிப் பக்கத்து சனத்துக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. பட்டாசுக்குள் போகிற கலவைக்கும் மருந்து என்றுதான் பேர் என்பது அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மிளகாய் மண்டிக்காரன் ஒருத்தனுக்குத்தான் அது உறைக்கவில்லை, அவன் தப்பாகப் புரிந்துகொண்டதை ஊரே நம்பிவிட்டது.

மாரித்தாய் தரையில் கையூன்றி எழுந்தாள்.

"கலந்த மருந்தை அவரு சலிக்க மாட்டாரே" என்றாள். "சல்லடையில ஒரசினா பத்திக்கிரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். அவரைச் சலிக்கச் சொன்னது யாரு?"

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர் பேசினார். "வெடியுப்பு வரலைன்னு தீப்பெட்டிக் கம்பெனி உப்பை, ஒரசினாலே பத்துற உப்பை, கொண்டாந்து கலக்கச் சொன்னாக. நான்தான் மூட்டையை எறக்கினேன். கலந்தது கட்டி கட்டியா நின்னுச்சு, அதான் சலிக்கச் சொன்னாக."

"கொண்டாரச் சொன்னது யாரு?" என்றாள் மாரித்தாய்.

கிழவர் திரும்பினார். வேப்பமரத்தைப் பார்த்தார். எல்லாரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். மரத்தடியில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

ரத்தினசாமியைக் கேட் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

பாக்கியவதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தூணடிக்கு ஓடிக் கட்டுத் துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். மாணிக்கராஜ் அவள் தோளில் சரிந்தார். ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார்.

"நீயா பேசுன?"

"ஆமா."

"வீட்டுல என்னையப் பேசுற அதே சத்தம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் முகத்து மண்ணை முந்தானையால் துடைத்தாள். போகவிருந்த உயிரைத் தன் வாயால் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம் என்ற நினைப்பு உடம்பெல்லாம் சூடாகப் பரவியது. இவ்வளவு காலம் எதற்குப் பயந்தோம் என்றுகூடத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் நெடுநேரம் நிலைக்கவில்லை. கேட் பக்கமிருந்து சத்தம் வந்தது. கட்டை விழுகிற சத்தம், மிதிக்கிற சத்தம், ஒரு மனிதன் அம்மா அம்மா என்று கூப்பிடுகிற சத்தம். இதுவரைக்கும் மாணிக்கராஜை அடித்த அதே கைகள்தான். ஆளை மட்டும் மாற்றிக் கொடுத்தது யார்? தன் வாய்தான் என்று அவளுக்கு உறைத்தது. ரத்தினசாமி அயோக்கியன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியவில்லை.

அவள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் அவரைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது.

"கம்பெனியைக் கொளுத்துங்கலே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். பயம் தெரிந்த ஒருத்தன், அங்கன மருந்து கிடக்குமே என்று இழுத்தான். "எல்லாம் அன்னிக்கே வெடிச்சுத் தீந்துபோச்சு, ஆபீஸ் ரூம் ஒண்ணுதான் மிச்சம், அதையும் பொசுக்கிப் போடுவோம்" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரி அடுப்பங்கரையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னைப் பெத்தணன் தூக்கிக்கொண்டான். மாணிக்கராஜைக் கட்டியிருந்த அதே துணியைக் கம்பில் சுற்றிப் பந்தம் ஆக்கினார்கள். ஆணும் பெண்ணுமாக, கருவேலங்காட்டு வண்டிப்பாதையில் இறங்கி ஓடினார்கள்.

ரத்தினசாமி கேட் ஓரத்தில் குப்புறக் கிடந்தார். ஒரு கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பாக்கியவதி உட்கார்ந்து மெதுவாகப் புரட்டினாள்.

"நர்சம்மா."

"பேசாதீக. கையை அசைக்காதீக."

"எங்க போறாக?"

"உங்க கம்பெனியைக் கொளுத்தப் போறாக."

அந்த மனிதரின் முகத்தில் வலியைத் தாண்டிப் பயம் வந்தது. நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடாதீக. கலந்த மருந்து மிச்சம் இருக்கு. அதிகாரிங்க பாத்துரக் கூடாதுன்னு மூட்டை மூட்டையா எடுத்து வெச்சேன்."

"எங்க வெச்சீக?"

"ஆபீஸ் ரூம்ல."

அவள் எழுந்தாள். திரும்பிப் பார்த்தாள். படியில் அப்பா வாயில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த வெண்கலக் குரல் இன்றைக்கு எழும்பாது. மாணிக்கராஜால் நிற்கக்கூட முடியாது. கிழவர் தள்ளாடிக்கொண்டு கூட்டத்தோடேயே போய்விட்டார். மாரித்தாய் கணவனின் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஓடைக்கரைக் கம்பெனி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு.

பாக்கியவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். கருவேல முள் காலில் ஏறியது. தூரத்தில் ஓட்டுக்கூரையும், அதற்கு முன்னால் கூட்டத்தின் முதுகும் தெரிந்தன. முகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் முதுகு. காற்று எதிரே அடித்தது.

"பெத்தணா" என்று கத்தினாள். "நில்லுங்க. ஆபீஸ் ரூம்ல மருந்து இருக்கு."

காற்று அவள் சொன்னதைப் பிய்த்துக்கொண்டு போய், கடைசித் துண்டை மட்டும் அவன் காதில் போட்டது. பெத்தணன் திரும்பினான். ஒரு கையில் டின். மறு கையில், கண்ணாடி கிழித்த இடத்திலிருந்து ரத்தம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு அதைத் தூக்கி அவளைக் கும்பிட்டான்.

"எனக்கு மருந்து வேண்டாம் நர்சம்மா. போயி உங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க."

சொல்லிவிட்டு ஓடினான். அவனுக்கு முன்னால் யாரோ பந்தத்தைக் கொளுத்திவிட்டார்கள்.

பாக்கியவதி நின்றாள். இந்தத் தடவை வெடி என்று கத்துவதற்காக நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தாள்.